நைட் டிரைவ்ல தீம் பார்க் போறீங்களா? எத்தனை மணிக்குக் கிளம்புறதுன்னு கடைசியா முடிவு பண்ணுங்க

தீம் பார்க் டிரிப்புக்கு ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டே போறதுன்னு முடிவான உடனே வீட்டுல எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?"ங்கறதுதான். நான் அதைக் கடைசியாத்தான் கேப்பேன். அங்க போய் இறங்குன உடனே என்ன பண்ணப் போறீங்கங்கறதை முதல்ல முடிவு பண்ணுங்க, அடுத்து ராத்திரி 2 மணியிலருந்து காலையில 6 மணி வரைக்கும் ஸ்டீயரிங்ல யாரு உக்காரப் போறாங்கங்கறதை முடிவு பண்ணுங்க, இந்த ரெண்டும் தெரிஞ்சிருச்சுன்னா கிளம்புற டைம் தானா வந்து விழுந்துரும்.

நாங்க முதல் தடவை போனப்போ இது எதையும் யோசிக்கல. வேலை முடிச்சு வந்து, அவசர அவசரமா பேக் பண்ணி, 9 மணிக்கு வண்டியை எடுத்தோம், காலையில 8 மணிக்கு ஹோட்டல் வாசல்ல நிக்கிறோம். ரிசப்ஷன்ல சிரிச்ச முகமா சொல்றாங்க, ரூம் மதியம் 3 மணிக்குத்தானாம். சரி, நேரா பார்க்குக்கே போயிரலாம்னு போனா பெரியவன் முதல் ரைடு க்யூவுலயே என் இடுப்புல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்குறான், சின்னவ ஸ்ட்ரோலர்ல வாயைப் பொளந்துட்டு தூங்குறா, நானும் மச்சானும் ஒரு பெஞ்சுல உக்காந்து மேல ரோலர் கோஸ்டர்ல போறவங்க கத்துறதைக் கேட்டுக்கிட்டே கண்ணு சொருகிப் போய் கெடந்தோம். ஒரு நாள் டிக்கெட் அந்த பெஞ்சுலயே போச்சு.

அதனால இப்போ என் ரூல், போய்ச் சேர்ற நாளுக்கு டிக்கெட்டே வாங்குறதில்ல. பார்க்குல ஒரு நாள்ல 10 கிலோமீட்டருக்கு மேல சாதாரணமா நடந்துருவீங்க, அதுவும் கேட் திறந்த முதல் ஒன்றரை ரெண்டு மணி நேரம்தான் க்யூ கம்மியா இருக்கும், தூங்காத உடம்போட போனா அந்த நேரத்தையே கோட்டை விட்டுருவோம். சேர்ற அன்னைக்கு ரூம், குளியல், நீச்சல் குளம், சீக்கிரம் தூக்கம், அவ்ளோதான். இல்ல, விடியக்காலையிலதான் சேருவோம், வேற வழியில்லன்னா முந்தின நாள் ராத்திரிக்கும் சேர்த்து ரூம் புக் பண்ணிருங்க, ஒரு ராத்திரி வாடகை கூடுதல்தான், ஆனா நாலு பேரோட ஒரு நாள் டிக்கெட்டை வீணாக்குறதோட கூட்டிக் கழிச்சுப் பாருங்க. அப்படி புக் பண்ணீங்கன்னா ஹோட்டலுக்குப் போன் போட்டு "நாங்க விடியக்காலை 5 மணிக்குத்தான் வருவோம்"னு கட்டாயம் சொல்லி வைங்க. ராத்திரி வரலன்னா ஆளே வரமாட்டாங்கன்னு நினைச்சு புக்கிங்கை கேன்சல் பண்ணிடுற இடமெல்லாம் இருக்கு.

அடுத்து கணக்கு. மேப் காட்டுற நேரம் இருக்கே, அது பசிக்காத, பாத்ரூம் போகாத, தூக்கமே வராத ஒரு ஆளுக்கான நேரம். 11 மணி நேரம்னு காட்டுனா 13, 13½னு வச்சுக்கங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 15 நிமிஷம் நிறுத்தணும், பெட்ரோல் ஒரு தடவையாவது போடணும், ஒரு குட்டித் தூக்கத்துக்கு அரை மணி நேரம் வேணும், குழந்தைங்க இருந்தா 15 நிமிஷம்னு நினைச்சு நிறுத்துனது 25 ஆகும். லாரி, பஸ் ஓட்டுறதையே தொழிலா வச்சிருக்கவங்களுக்கு ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டுனா 45 நிமிஷம் பிரேக் எடுத்தே ஆகணும்னு சட்டம், அமெரிக்காவுல லாரி டிரைவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். தினமும் ஓட்டுறவங்களுக்கே அப்படின்னா வருஷத்துக்கு ஒரு தடவை லாங் டிரைவ் போற நம்ம அதை மீறி ஓட்டுவோம்னு நினைக்கிறது ரொம்ப ஓவர்.

இப்போ அந்த 2 டு 6 விஷயம். உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது, அது ராத்திரி 2 மணியிலருந்து காலையில 6 மணி வரைக்கும் நம்மளை ஆழமா கீழ இழுக்கும், மதியம் 2லருந்து 4 வரைக்கும் இன்னொரு தடவை லேசா இழுக்கும். பகல்ல எவ்ளோதான் தூங்கியிருந்தாலும் இந்த இழுப்பு முழுசா போகாது. அதோட எத்தனை மணி நேரமா முழிச்சிருக்கோம்ங்கறதும் சேரும். 1997ல வந்த ஒரு ஆஸ்திரேலிய ஆய்வுல 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிறவங்களோட தடுமாற்றம் ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற ஆளோட தடுமாற்றத்துக்குச் சமம்னு வந்துச்சு, நிறைய நாட்டுல அந்த அளவுல ஓட்டுனாலே போலீஸ் பிடிக்கும். காலையில 7 மணிக்கு எழுந்து, வேலைக்குப் போய், ராத்திரி 9க்குக் கிளம்புற ஆளு நடுராத்திரி 12 மணிக்கே அந்த 17ஐத் தொட்டுடுறாரு, மிச்ச ராத்திரி முழுக்க இன்னும் பாக்கி இருக்கு. வேலை முடிச்சு நேரா கிளம்புறதுதான் இருக்கிறதுலயே மோசமான பிளான், ஆனா எல்லாரும் போடுறதும் அந்த பிளானைத்தான், நாங்களும்தான்.

எனக்கு அந்த இழுப்பு வந்தது விடியக்காலை 4:20க்கு. வண்டிக்குள்ள எல்லாரும் தூங்குறாங்க, ரோடு நேரா போகுது, திடீர்னு டர்ர்ர்ர்னு சத்தம். டயர் பஞ்சர்னுதான் முதல்ல நினைச்சேன். ரோட்டு ஓரத்துல வரிவரியா வெட்டி வச்சிருப்பாங்களே, அது மேல சக்கரம் ஏறியிருக்கு, நான்தான் லேனை விட்டு விலகிப் போயிட்டேன்னு புரியறதுக்கே ஒரு செகண்ட் ஆச்சு. பின் சீட்டுலருந்து மச்சான் "என்னாச்சு மாப்ள?"ன்னாரு, "ஒண்ணுமில்ல"ன்னேன். கை வேர்த்துப் போச்சு. 100 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் போகும், நாலு செகண்ட் கண்ணு சொக்குனா 110 மீட்டர் யாருமே ஓட்டாம போகுதுன்னு அர்த்தம், இதை அப்புறம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சரி, எப்போதான் கிளம்புறது? மேப்ல 6, 7 மணி நேரம்னா ராத்திரி டிரைவே தேவையில்ல, விடியக்காலை 4 மணிக்குக் கிளம்பி மதியத்துக்குள்ள சேர்ந்துருங்க. 10லருந்து 12 மணி நேரம்னா நான் சொல்றது ராத்திரி 8 மணிக்கே படுத்துத் தூங்கி 3 மணிக்கு எழுந்து 3:30க்கு வண்டியை எடுக்கிறது. அந்த மோசமான நேரத்துல ஒன்றரை மணி நேரம் போயிடுச்சு, மிச்சத்தையும் தூங்கி எழுந்த ஆளு ஓட்டுறாரு, குழந்தைங்களைத் தூக்கிட்டுப் போய் சீட்ல வச்சா 7 மணி வரைக்கும் சத்தமே வராது, சாயங்காலம் 5 மணி சுமாருக்கு ரூம் ரெடியா இருக்கும்போது போய் நிப்பீங்க. எழுந்த உடனே மட்டும் ஓட்டாதீங்க, முதல் அரை மணி நேரம் மூளை பாதிதான் வேலை செய்யும், மூஞ்சி கழுவி, பையெல்லாம் ஏத்தி, கொஞ்சம் நடந்துட்டு உக்காருங்க.

சாயங்காலம் 7 மணிக்குக் கிளம்பி முழு ராத்திரியும் ஓட்டுறதுக்கு ரெண்டு டிரைவர் கட்டாயம் வேணும், ரெண்டு பேர்ல ஒருத்தர் அன்னைக்கு மதியம் நிஜமாவே தூங்கியிருக்கணும். "நான் வண்டியில தூங்கிக்கிறேன்"ங்கறது நடக்காது, 7 மணிக்குக் குழந்தைங்க ஆட்டம் போடுற வண்டியில யாரு தூங்குறது. முதல் ஆளு நடுராத்திரி வரைக்கும், அப்புறம் மதியம் தூங்குன ஆளு, 2லருந்து 6 வரைக்கும் யாரா இருந்தாலும் ஒரே மூச்சுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேணாம். ஓட்டாதவர் பேச்சுத் துணைக்கு முன் சீட்ல முழிச்சிருக்கணுமா, தூங்கணுமான்னு எங்க வீட்டுல பெரிய சண்டையே நடக்கும், என் கட்சி தூங்குறதுதான், பேச்சுத் துணைன்னு முழிச்சிருந்தவர் அப்புறம் ஸ்டீயரிங்ல உக்காந்தா ரெண்டு பேருமே தூங்காதவங்களா ஆயிடுவாங்க. தூங்கும்போது பெல்ட் போட்டே இருக்கணும், முன் சீட்டை முழுசா சாய்ச்சுப் படுத்தா மோதுற நேரத்துல பெல்ட்டுக்கு அடியில உடம்பு நழுவிரும், அதனால பின் சீட்ல சாய்க்காம உக்காந்து கழுத்துத் தலகாணி வச்சுத் தூங்கறது நல்லது.

15 மணி நேரத்துக்கு மேலன்னா வீரம் காட்டாதீங்க. சாயங்காலம் கிளம்பி 12 மணி வரைக்கும் ஓட்டி, வழியில ஒரு ரூம் போட்டு, காலையில 7க்கு மறுபடி எடுங்க. ஒருத்தர் மட்டும்தான் ஓட்டத் தெரிஞ்சவர்னா 10 மணி நேர தூரத்துக்கே நான் இதைத்தான் சொல்லுவேன்.

தூக்கம் வந்துட்டா ஜன்னலைத் திறக்கிறது, பாட்டை அலற விடுறது, கன்னத்துல அறைஞ்சுக்கறது, எல்லாரும் பண்ணிப் பார்த்திருப்போம். சில நிமிஷம் தாங்கும், அவ்ளோதான். வேலைக்கு ஆகுறது காபியும் குட்டித் தூக்கமும் சேர்ந்துதான். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற இடத்துல நிறுத்தி, முதல்ல காபியைக் குடிச்சிட்டு, உடனே 20 நிமிஷத்துக்கு அலாரம் வச்சுக் கண்ணை மூடணும், காபி உடம்புல வேலை செய்ய அரை மணி நேரம் சுமார் எடுக்கும், நீங்க எழுந்து கொஞ்சம் நடக்கிறதுக்கும் அது ஏர்றதுக்கும் சரியா இருக்கும். 20ஐத் தாண்டி 40, 50 நிமிஷம் தூங்கிட்டீங்கன்னா ஆழமான தூக்கத்துலருந்து எழுந்து இன்னும் மந்தமா இருப்பீங்க. இன்னொண்ணு, காபியோட பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புலயே இருக்கும், காலையில 6 மணிக்கு ரூம் போய்ப் படுக்கப் போறவர் 4 மணிக்குக் குடிச்சா கூரையைப் பார்த்துட்டுக் கெடக்க வேண்டியதுதான். ஓட்டுறவர் சளி மாத்திரை, வாந்தி மாத்திரை போட்டிருந்தா தூக்கம் வருமான்னு அட்டையைப் படிச்சுப் பாருங்க, நிறைய மாத்திரைக்கு வரும். கொட்டாவி மட்டும் இல்ல, திரும்ப வேண்டிய எக்ஸிட்டை விடுறது, கடைசி அஞ்சு கிலோமீட்டர் எப்படி வந்தோம்னு ஞாபகம் இல்லாம போறது, வேகம் தானா ஏறி இறங்குறது, இதுல ஒண்ணு வந்தாலும் அடுத்த இடத்துல நிறுத்திருங்க, அதுக்கு அடுத்த இடம்னு தள்ளாதீங்க.

கிளம்புற டைம் கிட்டத்தட்ட முடிவானதும் காலையில 7:30க்கு எங்க இருப்பீங்கன்னு மேப்ல பாருங்க. பெரிய சிட்டி நடுவுலன்னா ஒரு மணி நேரம் முன்னயோ பின்னயோ நகத்துங்க, 7லருந்து 9:30 வரைக்கும், சாயங்காலம் 4லருந்து 7 வரைக்கும் சிட்டிக்குள்ள மாட்டுனா ராத்திரி முழுக்க மிச்சம் பிடிச்ச நேரம் அங்கயே போயிரும். மேப் ஆப்ல கிளம்புற நேரத்தைப் போட்டுப் பார்க்கிற வசதி இருக்கு, அதே கிழமையைப் போட்டுப் பாருங்க. ரோட்டு வேலையை ராத்திரியிலதான் நிறைய செய்வாங்க, அதனால ஹைவே காலியா இருக்கும்னு நம்பி இருக்காதீங்க, லேனை அடைச்சு ஒத்தை வரிசையா விட்டிருப்பாங்க. கிழக்குப் பக்கமா போறவங்களுக்கு விடிஞ்சதும் சூரியன் நேரா கண்ணுல அடிக்கும், ராத்திரி முழுக்க முழிச்ச கண்ணுக்கு அது தாங்காது, அந்த நேரத்தை டிபனுக்கு வச்சுக்கங்க. வழியில டைம் ஸோன் மாறுச்சுன்னா கிழக்கே போனா ஒரு மணி நேரம் போயிரும், கணக்குல சேர்த்துக்கங்க.

முந்தின நாள் சாயங்காலமே டேங்க்கை நிரப்பி, டயர் காத்தை வண்டி சூடாகாம இருக்கும்போது பார்த்துருங்க. ராத்திரி டேங்க் பாதிக்குக் கீழ போக விடாதீங்க, நடுராத்திரியில எல்லா பங்க்கும் திறந்திருக்காது. எலக்ட்ரிக் வண்டின்னா சார்ஜ் போடுற அரை மணி நேரத்தையே குட்டித் தூக்க நேரமா வச்சுக்கலாம். முன் கண்ணாடியை உள்பக்கமா துடைங்க, இதை யாரும் செய்றதில்ல, உள்ள படிஞ்சிருக்கிற மங்கல்தான் எதிர்ல வர்ற லைட்டைப் பூவா விரிய வைக்குது. குழந்தைங்களுக்கு பல் விளக்கி, நைட் டிரஸ் போட்டே ஏத்துங்க, செருப்பு டிக்கியில இல்லாம கையெட்டுற இடத்துல இருக்கட்டும், 2 மணிக்கு பாத்ரூம்னு எழுந்தா தெரியும். கைக்குழந்தைன்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே தடவையா கார் சீட்ல வைக்கக் கூடாது, வண்டியை நிறுத்தி வெளிய எடுக்கணும், அப்போ மேலே சொன்ன கணக்கோட இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கங்க.

திரும்பி வர்றதைப் பத்தி யாரும் பிளானே போடுறதில்ல. கடைசி நாள் கேட் மூடுற வரைக்கும் சுத்திட்டு, வாணவேடிக்கை பார்த்துட்டு, பார்க்கிங்லருந்து அப்படியே ஹைவே ஏர்றவங்களை நிறைய பார்த்திருக்கேன், காலையில 6 மணியிலருந்து நடந்தே இருக்கிற ஆளுங்க அவங்க. நாங்க இப்போ கடைசி நாள் மதியத்தோட பார்க்கை முடிச்சிக்கிறோம், 8 மணிக்குப் படுத்து 3:30க்கு வண்டியை எடுக்கிறோம், குழந்தைங்க முழிக்கும்போது முக்கால்வாசி நேரம் "பார்க் எங்க?"ன்னுதான் கேக்குதுங்க.