கல்யாணப் பந்தியில சாப்பாடு வீணாகாம பார்த்துக்கறது எப்படி

போன வைகாசில அக்கா பொண்ணு கல்யாணம், பந்தி பொறுப்பு என் தலையில. மதியம் எல்லாம் முடிஞ்சு பார்த்தா ஒரு அண்டா சாதமும் அரை அண்டா சாம்பாரும் அப்படியே கெடக்கு. எங்க கோட்டை விட்டோம்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

முதல் தப்பு கணக்குல. 400 பத்திரிகை வெச்சோம்னு மூணு வேளைக்கும் ஒரே நம்பரை சொல்லிட்டோம். முதல் நாள் ரிசப்ஷனுக்கு வந்து மொய் எழுதிட்டு போறவங்க நிறைய பேர் மறுநாள் முகூர்த்தத்துக்கு எட்டிப்பார்க்க மாட்டாங்க, காலை டிபனுக்கு மண்டபத்துல தங்கின சொந்தக்காரங்கதான் இருப்பாங்க, அதனால வேளைக்கு ஒரு கணக்கு தனியா போடுங்க.

சமையல் மாஸ்டர்கிட்ட சாதத்தை பந்தி பந்தியா பார்த்து வடிக்க சொல்லுங்க. "பத்தலைனா என் பேரு கெட்டுடும்ணே"ம்பாரு. பழி என்மேலன்னு சொல்லிடுங்க, வடிக்காத அரிசி மூட்டையிலயேதான இருக்கப்போகுது.

ஆள் உக்கார்றதுக்கு முன்னாடியே ஜாங்கிரியிலேருந்து அப்பளம் வரைக்கும் இலையில வெச்சுடறாங்களே, அதை நிறுத்துங்க. என் பக்கத்துல உக்காந்த சுகர் பேஷன்ட் பெரியவர் ஜாங்கிரியை தொடாமலே இலையை மடிச்சார். உக்காந்ததும் கேட்டு வைங்க, சின்ன பசங்களுக்கு சின்ன இலை.

சடங்குல வீணாகறது தனி. அட்சதைக்கு ரெண்டு கைப்பிடி அரிசி போதும், படிக்கணக்குல மஞ்சள் கலந்து கடைசில கால்ல மிதிபடுது. சீர்த்தட்டு முறுக்கு, அதிரசத்தை சின்ன பாக்கெட்டா போட்டே அடுக்குங்க, சாயங்காலம் அப்படியே தாம்பூலப்பையில போட்டுடலாம்.

அப்பவும் மிஞ்சினா, கடைசி பந்தி ஓடும்போதே போன் போடுங்க. கோயம்புத்தூர்ல 2014-ல ஆரம்பிச்ச நோ ஃபுட் வேஸ்ட் மாதிரி, மிஞ்சின சாப்பாட்டை எடுத்துட்டு போய் இல்லாதவங்களுக்கு குடுக்கறவங்க இருக்காங்க, நம்பரை முன்னாடியே வாங்கி வைங்க. நாங்க மூணரை மணிக்கு கூப்பிட்டோம், அவங்க வண்டி வர்றதுக்குள்ள சாம்பார் நுரைச்சுப் போச்சு! தேங்காய் போட்ட பொரியல், கூட்டு அதைவிட சீக்கிரம் ஊசிடும், அதை முதல்ல மண்டபத்து ஆளுங்களுக்கு குடுத்துடுங்க. பந்தியில சுத்தி வந்த வாளியில மிச்சம் இருக்கறதை அண்டாவுல திருப்பி கொட்டவே கூடாது, மொத்தமும் கெட்டுடும்.

எச்சில் இலை மாட்டுக்கு போகுதுன்னா ஐஸ்கிரீம் ஸ்பூன், பாட்டில் மூடி எல்லாம் பொறுக்கி எடுக்க ஒரு ஆளை நிப்பாட்டுங்க.