வட்டாரத்தின் கணக்கை ஆளின் தலையில் எழுதாதீர்கள்

குற்றத்தின் காரணங்களையும் தடுப்பையும் பற்றிய சமூகவியல் கோட்பாடுகளைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களின் கட்டுரைகளிலும் திட்ட அறிக்கைகளிலும் சில தவறுகள் ஆண்டு தவறாமல் திரும்பி வருகின்றன. இந்தத் துறையில் பழகியவர்களும் தொடக்கத்தில் செய்தவைதான் அவை. ஆண்டை மாற்றி எழுதுவது, டர்க்கைமின் கருத்தை மெர்ட்டன் பெயரில் போடுவது போன்றவை ஒருமுறை திருத்தினால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடலாம். ஒரு திட்டத்தையே தடம் புரள வைப்பவை மட்டும் இங்கே.

## மெர்ட்டனை 'வறுமை' என்ற ஒரு சொல்லாகச் சுருக்குவது

வறுமை மட்டும் குற்றத்தை உண்டாக்கப் போதாது என்று 1938-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அமெரிக்கச் சமூகவியலாளர் மெர்ட்டன் சொல்லிவிட்டார். பணம் சேர்த்தால்தான் மதிப்பு என்று எல்லோருக்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அங்கே போகும் பாதையைச் சிலருக்கு மட்டும் திறந்து வைக்கும் சமூகத்தில்தான் அழுத்தம் பிறக்கிறது. அழுத்தத்துக்கு ஆளானவர்கள் எல்லோரும் குறுக்கு வழிக்குப் போவதுமில்லை. இலக்கை மறந்து விதியை மட்டும் பிடித்துக்கொள்பவர் உண்டு, இரண்டையும் விட்டு ஒதுங்குபவர் உண்டு. 1960-இல் கிளவார்டும் ஓலினும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: குறுக்கு வழியும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கற்றுத்தர ஆள் வேண்டும், திருட்டுப் பொருளை வாங்கிக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

நடைமுறையில் இது எங்கே இடிக்கிறது? இளைஞர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்து, சான்றிதழும் கொடுத்து, வேலைக்கு மட்டும் ஏற்பாடு செய்யாமல் விடும் திட்டம், ஆசையை உயர்த்திவிட்டுப் பாதையை அடைத்தே வைக்கிறது. மெர்ட்டன் சொன்னபடி பார்த்தால் அங்கே அழுத்தம் கூடத்தான் செய்யும். வேலை தரப்போகும் முதலாளிகளின் பட்டியல் கையில் வந்த பிறகு பயிற்சிக்கு ஆள் எடுங்கள்.

## சதர்லாந்தைக் 'கெட்ட சகவாசம்' என்று மொழிபெயர்ப்பது

குற்றமும் பிறரோடு பழகிக் கற்றுக்கொள்ளப்படுவதுதான் என்றார் சதர்லாந்து. ஆனால் அவர் சொன்னது கெட்ட ஆட்களை அல்ல, சட்டத்தை மீறலாம் என்று நியாயம் கற்பிக்கும் பேச்சை. அது குளிரூட்டிய அலுவலக அறையிலும் நடக்கும். அதனால்தான் 1939-இல் அவரே வெள்ளைச் சட்டைக் குற்றங்களைப் பற்றி, அதாவது மதிப்பான பதவியில் இருப்பவர்கள் தம் தொழிலிலேயே செய்யும் குற்றங்களைப் பற்றிப் பேசினார்.

## பகுதியைப் பற்றிய உண்மையை அங்கே குடியிருப்பவர் மேல் ஏற்றுவது

இதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு. எத்தனை முறை பார்த்தாலும் பொறுக்க முடியாததும் இதுவே.

சிகாகோவில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மக்கே இருவரும் செய்த வேலையைப் படிப்படியாகப் பாருங்கள். சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட பையன்களின் வீட்டு முகவரிகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். நகரத்தைச் சதுர மைல்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் இருந்த புள்ளிகளை, அங்கே வாழ்ந்த அதே வயதுப் பையன்களின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். 1900–06, 1917–23, 1927–33 என்று மூன்று காலகட்டங்களுக்கு இதைச் செய்தார்கள். நகர மையத்தையும் ஆலைகளையும் ஒட்டிய பகுதிகளில் விகிதம் உச்சத்தில் இருந்தது. வெளியே போகப் போகக் குறைந்தது. 1942-இல் நூலாக வந்த முடிவு இது.

இதைப் படித்ததும் புதியவர் எழுதும் வாக்கியம்: "இப்பகுதி மக்கள் குற்றச் சாய்வு உடையவர்கள்." ஆய்வு காட்டியதோ இதற்கு நேர் எதிர். அந்த முப்பது ஆண்டுகளில் அங்கே இருந்த மக்களே மாறிப்போனார்கள். ஜெர்மானியர், ஐரிஷ்காரர், ஸ்காண்டிநேவியர் கிளம்பிப் போக, இத்தாலியரும் போலந்துக்காரரும் குடிவந்தார்கள். விகிதம் மட்டும் உயரத்திலேயே நின்றது. வெளிவட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்த இனத்தவரிடம் அது இறங்கியது. காரணம் மனிதர்களின் இரத்தத்தில் இருந்திருந்தால் அவர்களோடு வண்டியேறிப் போயிருக்க வேண்டும். அது போகவில்லை. மலிவான வாடகை, நிலைத்துத் தங்காத குடும்பங்கள், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத அக்கம்பக்கம், அதனால் தெருவில் சுற்றும் பையனை "யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்று கேட்க ஆளில்லாத நிலை ஆகியவை அந்த இடத்திலேயே தங்கிவிட்டன.

கணக்காகவும் பாருங்கள். ஒரு பகுதியில் 1,000 பையன்கள், விகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நகரத்திலேயே மோசமான பகுதி என்று பெயர் வாங்கும் அங்கேயும் 900 பேர் நீதிமன்றப் படி ஏறவில்லை. 1950-இல் வில்லியம் ராபின்சன் இந்தப் பிழையை எண்களிலேயே காட்டினார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது. ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதைச் சொல்லும் எண்) −0.53. தனிமனிதர்களாக எடுத்தால் +0.12, குறியே தலைகீழ். வந்தேறியவர்கள், ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு கூட்டத்தின் மேல் போடும் கணக்கு சட்டமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டியதில்லை. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சிகாகோ ஆய்வுக்கு வெகுகாலம் முந்தையது. குற்றம் பிறப்பிலேயே வருகிறது என்று நம்பியது. 1911-க்குப் பின் சென்னை மாகாணத்தில் சாதி சாதியாகப் பெயர் பதிந்து, கைரேகை எடுத்து, நடமாட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1952 வரை நாட்டில் அந்தச் சட்டம் இருந்தது. "இப்பகுதி மக்கள்" என்று தொடங்கும் வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தவிர்க்கும் வழி எளிது. அறிக்கையில் 'குற்றம்' என்ற சொல் வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைப் பாருங்கள். தரவு பகுதியைப் பற்றியது என்றால் எழுவாயும் பகுதியாகவே இருக்கட்டும். அடுத்து, உங்கள் வரைபடத்தில் இருப்பது குற்றம் நடந்த இடமா, பிடிபட்டவரின் வீடா என்று எழுதி வையுங்கள். ஷாவும் மக்கேயும் குறித்தது வீட்டை. கோஹனும் ஃபெல்சனும் 1979-இல் சொன்ன மூன்று கூறுகள் (குற்றத்துக்குத் துணிந்தவர், கைக்கெட்டும் இலக்கு, காவலில்லாமை) ஒன்றுசேர்வது நடந்த இடத்தில். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் எந்தக் கோட்பாட்டுக்கும் அது உதவாது. பேருந்து நிலையத்தைச் சுற்றிய பகுதியில் குடியிருப்பவர் சில நூறு பேர், வந்துபோகிறவர் பல ஆயிரம். அங்கே குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் பொய்யாக ஊதிப்போகும்.

காரணம் பகுதியில் என்றால் தடுப்பும் அங்கேதான். ஷா 1930-களில் தொடங்கிய சிகாகோ வட்டாரத் திட்டம் அந்தந்தத் தெருக்காரர்களைக் கொண்டே குழு அமைத்தது. 1997-இல் சாம்ப்சனும் தோழர்களும் சிகாகோவின் 343 பகுதிகளில் 8,782 பேரிடம் கேட்ட கேள்விகளும் அதே திசையில்தான்: பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருமுனையில் நிற்கும் பிள்ளைகளை அக்கம்பக்கத்தார் கண்டிப்பார்களா? அப்படிக் கண்டிக்கும் நம்பிக்கை இருந்த பகுதிகளில், வறுமையைக் கழித்துப் பார்த்த பிறகும், வன்முறை குறைவு.

## காவல்துறைப் பதிவேட்டை நடத்தை என்று நம்புவது

1973-இல் சாம்ப்ளிஸ் விவரித்த இரண்டு பள்ளிக் கும்பல்களில், வசதியான வீட்டுப் பையன்கள் எட்டுப் பேரில் ஒருவர்கூடக் கைதாகவில்லை. ஏழை வீட்டு ஆறு பேர் மேல் காவலரின் கண் ஓயாமல் இருந்தது. செய்த குறும்புகளில் பெரிய வித்தியாசமில்லை.

## 'உடைந்த ஜன்னல்' என்றால் கைது என்று நினைப்பது

உடைந்த ஜன்னலைப் போன்ற சிறு ஒழுங்கின்மையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பெரிய குற்றம் பின்னால் வரும் என்று வில்சனும் கெல்லிங்கும் எழுதிய 1982-ஆம் ஆண்டுக் கட்டுரை தொடங்குவது கைதிலிருந்து அல்ல, நியூவார்க்கில் காவலர்கள் நடந்தே சுற்றிய ரோந்திலிருந்து.

## ஒப்பிடும் குழு இல்லாமல் தொடங்குவது

அமெரிக்காவில் 1939 முதல் 1945 வரை நடந்த கேம்பிரிட்ஜ்–சோமர்வில் திட்டத்தில் 506 பையன்களை இணை இணையாகச் சேர்த்து, நாணயம் சுண்டி, ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு மட்டும் ஆலோசகர், மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் தேடிப்போய்க் கேட்டபோது, உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அது நன்மை செய்தது என்றார்கள். ஆனால் குடிநோயிலும், மீண்டும் மீண்டும் குற்றம் செய்ததிலும், இள வயது மரணத்திலும் அவர்கள் நிலைதான் மோசமாக இருந்தது. எதிர் வரிசையில் இருந்த 253 பெயர்கள் இல்லாவிட்டால் அந்தத் தீங்கு கண்ணிலேயே பட்டிருக்காது. பட்டியலைக் குலுக்கிப் பிரிக்க ஒரு பிற்பகல் போதும். முதல் பையனுக்கு உதவி போய்ச் சேர்ந்த பிறகு அதைச் செய்ய முடியாது.