ரிப்போர்ட் கையில், டாக்டர் அடுத்த வாரம்: கிளாக்கோமா சந்தேகத்தில் செய்யக் கூடாதவை

கண்ணாடி மாற்றப் போன இடத்தில், "கண் பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு, கிளாக்கோமாவான்னு பார்த்துடலாம்" என்று ஓசிடி ஸ்கேனும் (கண் நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் படம்) ஃபீல்டு டெஸ்டும் (சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை) எழுதிக் கொடுப்பார்கள். கிளாக்கோமா என்பது கண் நரம்பு கெட்டுப் பார்வை குறையும் நோய். டெஸ்ட் அன்றைக்கே முடிந்துவிடும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டிய டாக்டர் கிடைப்பதோ அடுத்த வாரம்தான். தப்பெல்லாம் நடப்பது இந்த நடுவாந்திர நாட்களில்.

பெரிய தப்பு, ஸ்கேன் தாளை நாமே படிப்பது. சிவப்பைப் பார்த்ததும் வயிறு கலங்கும். அந்த இயந்திரம் நோயைக் கண்டுபிடிப்பதில்லை, ஒப்பிட மட்டுமே செய்கிறது. உங்கள் கண் நரம்பிழைகளின் தடிமனை, நோயில்லாத உங்கள் வயதுக்காரர்களின் அளவோடு வைத்துப் பார்க்கும். அவர்களில் மிக மெல்லிய 1 சதவீதத்தின் அளவுக்கு இருந்தால் சிவப்பு. மைனஸ் பவர் அதிகமுள்ள கண்ணில் நோயே இல்லாமலும் சிவப்பு விழும். கண் காய்ந்திருந்தால் படமே சரியாக வராது. பச்சையைப் பார்த்துவிட்டு, "நமக்கு ஒண்ணுமில்லை" என்று டாக்டரிடம் போகாமல் விடுவதும் இதே தப்புதான்.

ஃபீல்டு டெஸ்ட் முடித்தவர்கள் "பாதி வெளிச்சம் தெரியவே இல்லை" என்று புலம்புவார்கள். தெரியாதுதான். எவ்வளவு மங்கல் வரை கண் பிடிக்கிறது என்று பார்க்க, இயந்திரம் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகும். நல்ல கண்ணுக்கும் ஏறக்குறைய பாதி தெரியாமல் போகும். முதல் தடவை சரியாக வராததும் சகஜம். திரும்ப எடுக்கச் சொன்னால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

பிரஷர் என்ற பெயரால் வரும் குழப்பம் தனி. கண் பிரஷர் வேறு, பிபி வேறு. பிபி மாத்திரையைத் தானாகக் கூட்டிக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். கண் பிரஷர் 21-ஐ, அதாவது வழக்கமாகச் சொல்லும் மேல் வரம்பை, தாண்டினாலே பார்வை போய்விடும் என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் நடந்து 2002-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், பிரஷர் மட்டும் கூடி நரம்பு கெடாமல் இருந்தவர்களைப் பார்த்தார்கள். மருந்தே போடாதவர்களில் 5 ஆண்டுகளில் கிளாக்கோமா வந்தது 9.5 சதவீதம் பேருக்கு. சொட்டு மருந்து போட்டவர்களில் 4.4 சதவீதம். பெரும்பாலும் இது மெல்ல நகரும் நோய், ஒரு வாரக் காத்திருப்பில் கண் போய்விடாது.

கண் உறுத்துகிறதென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதாவது சொட்டு வாங்கிப் போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பிரஷரே ஏறும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்த சொட்டை, "ரிசல்ட் வரட்டும்" என்று நிறுத்துவதும் கூடாது. பதற்றத்தில் வேறொரு சென்டரில் இன்னொரு ஸ்கேன் எடுப்பதும் வீண்: வேறு கம்பெனி இயந்திரத்தின் எண்ணை இதோடு நேராக ஒப்பிட முடியாது.

அப்பாயிண்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கவே கூடாத நேரமும் உண்டு. திடீரென்று கண்ணில் கடும் வலி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், வாந்தி என்றால், இரவானாலும் உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பார்வையில் திரை விழுந்தது போல இருட்டினாலும் அப்படித்தான்.

மற்றபடி, இருக்கிற நாட்களில் உருப்படியாகச் செய்ய ஒன்று உண்டு. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது கிளாக்கோமா இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு உட்பட நீங்கள் எடுக்கும் மருந்துகளை ஒரு தாளில் எழுதி, பழைய கண் ரிப்போர்ட்டுகளோடு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.