செப்டம்பரில் அலாஸ்கா க்ரூஸ்: ஜாக்கெட்டுக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அலாஸ்கா க்ரூஸ் ரொம்ப மலிவா வந்திருக்கு, போட்டுடலாமா?" சியாட்டில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் அலாஸ்கா கப்பல் பருவம் அக்டோபரில் முடிந்துவிடும். பள்ளி திறந்து, மழை வலுத்து, பகல் குறைகிற செப்டம்பரில் விலை இறங்குவது வழக்கம். அந்த விலையைப் பார்த்துக் கிளம்பும் புது ஆட்கள், பழைய ஆட்கள் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். சார்ஜர், மாத்திரை, நல்ல ஷூ போன்றவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கனடா விசா இல்லாமல் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுவது

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பல், போகிற ஊர்களெல்லாம் அலாஸ்கா. அப்படியிருக்க கனடா எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். 1886-ல் அமெரிக்கா போட்ட ஒரு பயணிகள் கப்பல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி அமெரிக்கத் துறைமுகத்திலேயே சுற்றிக் கொண்டுவந்து இறக்க வேண்டுமானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய க்ரூஸ் கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால் பயணத்தின் முடிவில், பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ, சில மணி நேரம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். 2021-ல் கொரோனாவுக்காக கனடா தன் துறைமுகங்களை மூடியபோது, அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகச் சட்டம் ஒன்று போட்ட பிறகுதான் அலாஸ்காவுக்குக் கப்பலே போனது. அவ்வளவு கறாரான விதி.

இதில் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு கனடா விசா தேவையில்லை. பிள்ளைகள் வான்கூவருக்குக் காரில் போய்வந்து பழகியவர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவிடம் இருப்பதோ இந்தியப் பாஸ்போர்ட்டும் அமெரிக்க டூரிஸ்ட் விசாவும். அவர்களுக்கு கனடா விசா கட்டாயம். எச்1பி வேலை விசாவில் இருக்கும் இந்தியர்களுக்கும் அப்படியே. 2023-ல் கனடா சில நாட்டினருக்கு, அமெரிக்க விசா இருந்தால் விசா இல்லாமல் வரலாம் என்று சலுகை கொடுத்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அதுவும் விமானத்தில் வருபவர்களுக்குத்தான். அந்தச் செய்தியை அரைகுறையாகக் கேட்டுவிட்டு "இப்ப விசா வேண்டாமாமே" என்று என்னிடமே வாதாடியவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக ஒரு புக்கிங் தளத்தில் தானே டிக்கெட் போட்டான். பெற்றோர் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கப்போகிறவர்கள். ஊருக்குத் திரும்புவதற்குள் எங்காவது கூட்டிப் போக வேண்டும், விலையும் இறங்கியிருக்கிறது. எந்த ஜாக்கெட் வாங்கலாம், மங்கி குல்லா போதுமா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டான். "அப்பா அம்மாவுக்கு விசா இருக்கா?" என்றேன். "அதெல்லாம் இருக்கு அண்ணா, பத்து வருஷ விசா" என்றான். "கனடா விசாப்பா" என்றேன். "நாங்க விக்டோரியால இறங்கப் போறதே இல்லையே அண்ணா!" இறங்காவிட்டாலும் கேட்பார்கள் என்று சொன்னேன். சரி, பார்க்கிறேன் என்று வைத்தான். பார்க்கவில்லை.

கிளம்பும் நாள் சியாட்டில் துறைமுகத்தின் பியர் 91-ல் பெட்டிகளை எல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். கவுண்டரில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் ஏறலாம், பெரியவர்கள் இருவரும் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்கப்பா, நாங்க வீட்ல இருந்துக்கிறோம்" என்று பெரியவர் சொல்ல, யாருமே போகவில்லை. பெட்டிகளைத் திரும்ப வாங்குவதற்கே வெகுநேரம் ஆனதாம். துறைமுக வரி மட்டும் திரும்பி வந்தது. டிக்கெட் பணம் போனது போனதுதான். ஆவணம் இல்லாமல் ஏற முடியாமல் போனால் கப்பல் கம்பெனி பணம் தராது, பயண இன்சூரன்ஸும் பொதுவாகத் தராது. ஆன்லைனில் டிக்கெட் போடும்போது "தேவையான ஆவணங்கள் என்னிடம் உள்ளன" என்று ஒரு கட்டம் வரும். எல்லோரும் படிக்காமலே டிக் அடிக்கிறார்கள். சட்டப்படி அங்கேயே முடிந்தது கதை.

பருவக் கடைசியில் இந்தத் தவறு இன்னும் மோசமாகிறது. மலிவு விலை வருவது கிளம்புவதற்குச் சில வாரங்களே இருக்கும்போது. கனடா விசாவுக்கோ ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, பாஸ்போர்ட்டை அனுப்பி வாங்க வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு நெருக்கத்தில் போட்ட டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் முழுப் பணமும் அபராதமாகப் போய்விடும். விசா கட்டணம் 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. ஒருமுறை கொடுத்த கைரேகை பத்து வருஷத்துக்குச் செல்லும். பெற்றோர் அமெரிக்கா வரப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன், க்ரூஸ் போகிறோமோ இல்லையோ, ஊரிலிருந்தே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். விசா கையில் இருந்தால் கடைசி நிமிட மலிவு விலை உண்மையிலேயே மலிவு.

கப்பல் நிற்கும் அலாஸ்கா ஊர்களில் ஒன்றான ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் மலை ரயிலில் போகிறவர்கள், அது மலை உச்சி வரை போய்த் திரும்புவதா, எல்லை தாண்டி கனடாவுக்குள் போவதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கும் விசா கேட்பார்கள்.

பனிக்குத் தயாராகி மழையில் நனைவது

அலாஸ்கா என்றதும் எல்லோர் மனதிலும் பனிப்பொழிவு. கப்பல் போகிற தென்கிழக்குக் கரையில் செப்டம்பரில் பெய்வது மழை. ஜூனோவில் அந்த மாதம் பகலில் 12, 13 டிகிரி இருக்கும். ஊட்டியில் டிசம்பர் காலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடவே விடாத தூறல். கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது, சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். செப்டம்பரிலேயே மழை வலுத்து, அக்டோபர், நவம்பரில் உச்சத்துக்குப் போகும்.

பெரிய பஞ்சு ஜாக்கெட் ஒன்றை மட்டும் கொண்டுபோனால் முதல் ஊரிலேயே நனைந்து, அடுத்த ஊர் வரை காயாது. உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத மெல்லிய ரெயின் ஜாக்கெட். இந்த மூன்றும் போதும். லேபிளில் வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள், வாட்டர்ப்ரூஃப் என்று இருக்க வேண்டும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள் உள்ளே தெர்மல் லெகிங்ஸ் போட்டு, ஷூ மாட்டி, புடவையைக் கணுக்காலுக்கு மேலே கட்டிக்கொள்ளட்டும். ஈரமான கொசுவத்தோடு கப்பல் படியில் ஏறுவது ஆபத்து. டெக்கில் அடிக்கும் காற்றுக்குக் குடை தாங்காது.

கடல் குளம் போல இருக்கும் என்று நம்புவது

தீவுகளுக்கு நடுவே போகும்போது அப்படித்தான் இருக்கும். ஆனால் சியாட்டிலிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் கடலில் போகின்றன. வான்கூவரில் கிளம்புபவை தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே உள்ளடங்கிய வழியில் போகும். இலையுதிர்காலப் புயல்கள் தொடங்கும் நேரத்தில் இந்த வித்தியாசம் வயிற்றில் தெரியும். வயதானவர்கள் கூட வந்தால் வான்கூவர் கப்பலைத்தான் சொல்வேன். விசாதான் எடுத்தாயிற்றே. அறை, கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில். வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

காற்று அதிகமானால் கேப்டன் ஒரு ஊரையே விட்டுவிட்டுப் போய்விடுவார். சண்டை போட்டு ஒன்றும் ஆகாது.

ஹெலிகாப்டரையே நம்பியிருப்பது

பனியாறு பார்க்கக் கூட்டிப்போகும் ஹெலிகாப்டர், மேகம் இறங்கினால் பறக்காது. ஆபரேட்டர் ரத்து செய்தால் பணம் வந்துவிடும், நாள் வராது. பனியாற்றின் மேல் நாய்வண்டி ஓட்டுவதெல்லாம் செப்டம்பருக்குள் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். திமிங்கலப் படகு போட்டுக்கொள்ளுங்கள். ஹம்ப்பேக் திமிங்கலங்கள் ஹவாய்க்குக் கிளம்பத் தொடங்கும் காலம் என்றாலும் செப்டம்பரில் இன்னும் நிறைய இருக்கும்.

கிளேசியர் பே நாளில் தூங்குவது

அந்தத் தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு அதிகபட்சம் இரண்டு க்ரூஸ் கப்பல்களைத்தான் விடுகிறார்கள். பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி மைக்கில் விளக்குவார்கள். தரையில் இறங்க முடியாது. மார்ஜரி பனியாற்றுக்கு முன்னால் ஒரு மணி நேரம் போல நிற்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பஃபே வரிசையில் நிற்கும் நம் ஆட்களைப் பார்த்தால் என்ன சொல்வது?

இரவு வானில் அரோரா (வடதுருவ ஒளி) தெரியும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுப்பது

மேகம். கொடுக்காதீர்கள்.

ஊறுகாய்

எடுத்துப் போங்கள். கப்பலை விட்டுப் பழம், சமைத்த சாப்பாடு எதையும் கரைக்குக் கொண்டு இறங்காதீர்கள்.

சீசன் முடிவுத் தள்ளுபடியில் அவசரப்படுவது

ஜூனோவிலும் ஸ்காக்வேயிலும் செப்டம்பரில் கடைக்குக் கடை தள்ளுபடி போர்டு தொங்கும். ஜாக்கெட், ஸ்வெட்டர் உண்மையிலேயே மலிவு, வாங்கலாம். ஆனால் கப்பல்கள் நின்றதும் அந்தக் கடைகளில் பல, குளிர்காலம் முழுக்க அடைத்தே கிடக்கும். அளவு சரியில்லை என்று நவம்பரில் போன் செய்தால் எடுக்க ஆள் இருக்காது. கடையிலேயே, தெர்மலுக்கு மேல் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.