டாட்ஜ் டபிள்யூ.சி.-51: பிரேக் லைனையும் பெட்ரோல் லைனையும் புதிதாகப் போடுவது எப்படி?

1942 முதல் 1945 வரை அமெரிக்க ராணுவத்துக்காக டாட்ஜ் கட்டிய முக்கால் டன் ‘வெப்பன்ஸ் கேரியர்’தான் டபிள்யூ.சி.-51. முன்னால் வின்ச் வைத்து வந்தது டபிள்யூ.சி.-52. இரண்டிலும் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை லைனுக்குள் தள்ளும் பகுதி), ஒரே சர்க்யூட், நான்கு டிரம் பிரேக். இன்றைய வண்டியில் ஒரு பக்க லைன் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். இதில் எங்கேயாவது ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. பழைய ஸ்டீல் பைப் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருப்பதை நம்பவே நம்பாதீர்கள். முழு லைனையும் மாற்றுங்கள்.

முதல் வேலை ஹேண்ட் பிரேக். அது ஹைட்ராலிக்கோடு சேராமல் தனியாக புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை, அதாவது அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டை, பிடிக்கிறது. அதைச் சரிசெய்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் போங்கள்.

என்ன வாங்குவது

பைப்புக்கு எங்கள் தேர்வு குப்ரோ-நிக்கல்: 90 சதவீதம் செம்பு, 10 சதவீதம் நிக்கல். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்புப் பைப்பை பிரேக்குக்குப் போடவே கூடாது. அதிர்வில் இறுகி, ஒருநாள் விரிசல் விட்டுவிடும். பழைய பைப்பின் வெளிவிட்டத்தை காலிப்பரால் அளந்து அதே அளவு வாங்குங்கள்: 3/16 அங்குலம் என்றால் 4.76 மி.மீ., 1/4 என்றால் 6.35, 5/16 என்றால் 7.94.

நட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இது அமெரிக்க அங்குல மரை. 3/16 பைப்புக்கு 3/8-24 (மரையின் விட்டம் 3/8 அங்குலம், ஒரு அங்குலத்துக்கு 24 மரை), 1/4 பைப்புக்கு 7/16-24, 5/16 பைப்புக்கு 1/2-20. கடையில் சுலபமாகக் கிடைக்கும் எம்10 நட்டு 3/8-க்கு அருகில் இருப்பதுபோலத் தோன்றும். இரண்டும் சேராது. பலவந்தமாக முறுக்கினால் பித்தளை டீயின் (லைன் பிரியும் ‘T’ வடிவ மூட்டு) மரை போய்விடும். புது நட்டைப் பழைய டீயில் விரலாலேயே நான்கு சுற்று போட்டுப் பாருங்கள். அவ்வளவு லேசாக ஏற வேண்டும்.

இவற்றோடு டியூப் கட்டர், 45 டிகிரி டபுள் ஃபிளேர் செட் (பைப்பின் வாயை விரித்து இரட்டையாக மடிக்கும் கருவி), ஃபிளேர் நட் ஸ்பேனர் 3/8, 7/16 அங்குல அளவுகளில். 3/8 நட்டில் 10 மி.மீ. ஸ்பேனர் ஆடும், 7/16-இல் 12 ஆடும். ஆடினால் நட்டின் முனை மழுங்கும்.

கழற்றுவது

முந்தின நாள் இரவே எல்லா மூட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். நட்டோடு பைப்பும் சேர்ந்து திருகினால் நிறுத்துங்கள். நட்டை ஒட்டிப் பைப்பை வெட்டிவிட்டு, ஆறு பட்டை சாக்கெட்டை மாட்டி நேராகக் கழற்றலாம்.

கழற்றிய பழைய பைப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வளைவுகளுக்கு அதுதான் உங்கள் அச்சு. ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி ‘டீ முதல் வலது பின்சக்கரம்’ என்று எழுதுங்கள். கிளிப்புகள் இருந்த ஓட்டைகளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டபுள் ஃபிளேர்

நீளத்தைக் கயிற்றால் வளைவோடு அளந்து, ஃபிளேருக்காக 10 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். கட்டரை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாக இறுக்கினால் வாய் நசுங்காது. உள்ளேயும் வெளியேயும் பிசிரைச் சுரண்டி எடுங்கள். இப்போதே நட்டைப் பைப்பில் மாட்டுங்கள். ஃபிளேர் அடித்த பிறகு மாட்ட முடியாது, அந்த ஃபிளேரை வெட்டி எறிய வேண்டியதுதான்.

பைப்பைப் பிடிப்பானில் வைக்கும்போது வெளியே நீட்டும் அளவு, செட்டோடு வரும் அடாப்டரின் தடித்த விளிம்பின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டு, அடாப்டர் தட்டும் வரை இறக்குங்கள். பைப்பின் வாய் குமிழாகக் கூம்பும். அடாப்டரை எடுத்துவிட்டுக் கூம்பு முனையால் அதை உள்பக்கம் மடித்தால் இரட்டைச் சுவர் கிடைக்கும். நல்ல ஃபிளேரில் வட்டம் நடுவாக இருக்கும், சுற்றிலும் ஒரே தடிமன் தெரியும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பைப்பின் வாய் நேர்செங்குத்தாக வெட்டப்படவில்லை. மயிரிழை விரிசல் தெரிந்தால் யோசிக்காமல் வெட்டிவிட்டுத் திரும்ப அடியுங்கள். முதல் ஐந்தாறு, துண்டுப் பைப்பில் பழகுவதற்கென்றே போகட்டும்.

வளைவு, பைப் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறைந்து இறுகக் கூடாது. மாட்டும் முன் காற்றடித்துத் துகளை வெளியேற்றுங்கள். நட்டை இறுக்கி, அரைச்சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கினால் ஃபிளேர் தன் இருக்கையில் நன்றாகப் படியும். கம்ப்ரெஷன் மூட்டு (ஃபிளேர் இல்லாமல் வளையத்தால் பைப்பைக் கவ்வுவது) பிரேக் லைனில் எங்கேயும் வேண்டாம்.

ரப்பர் ஹோஸ்கள் எல்லாமே புதிது. பழைய ஹோஸ் உள்ளே வீங்கி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பி வரவிடாமல் தடுக்கும். காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே நிற்பது அதனால்தான்.

ஆயில், ஏர் எடுப்பது

டாட் 3 அல்லது டாட் 4 வகை பிரேக் ஆயில் போதும். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் கால் பக்கத்துத் தரைக்கு அடியில் இடதுபுறம் இருக்கிறது. எனவே லைனிலுள்ள காற்றை எடுப்பதைத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்குங்கள்: வலது பின், இடது பின், வலது முன், இடது முன். தொட்டியில் மட்டம் இறங்கிக் காற்று புகுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடட்டும்; குமிழி நிற்கும்வரை.

பெடல் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை சும்மா நகர வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை மூடியே இருக்கும். ஓட ஓட டிரம் சூடாகி பிரேக் தானாகவே இறுகும். பிறகு மூட்டுகளைத் துடைத்துவிட்டு, பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைத் தாளை ஒற்றிப் பாருங்கள். எங்கும் ஈரமில்லாமல் பெடல் மட்டும் மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் கெட்டுப்போயிருக்கிறது.

பெட்ரோல் லைன்

டேங்க் முதல் இன்ஜின் பக்கத்து மெக்கானிக்கல் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். இங்கே ஓட்டை இருந்தால் பெட்ரோல் சொட்டாது, காற்று உள்ளே போகும். ஐடிலில் நன்றாக ஓடும் வண்டி, மேட்டில் ஏறும்போது இருமி நின்றால் இங்கேதான் பாருங்கள். கார்புரேட்டரைப் பிரித்து நாளை வீணாக்காதீர்கள்.

பழைய கிளிப்புகளின் வழியிலேயே லைனைக் கொண்டு போங்கள். எக்ஸாஸ்ட் அருகே போனால் பைப்பிலேயே பெட்ரோல் ஆவியாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரையும் பம்ப் டயாஃப்ரத்தையும் கரைக்கும், இரண்டையும் மாற்றுங்கள். ஹோஸில் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டேங்கை இறக்கிக் கழுவி, உறிஞ்சு குழாயின் வலையைச் சுத்தம் செய்யுங்கள். காலியான டேங்கில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும், அருகே வெல்டிங்கோ கிரைண்டரோ ஆகாது.

முதல் ஓட்டம் சமதரையில், நடை வேகத்தில். திரும்பி வந்து நிறுத்தியதும் அடியில் அட்டையை விரித்து வைத்துவிட்டு, காலையில் ஈரம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.