கொலஸ்ட்ரால் பாதியாகிவிட்டது என்று சந்தோஷப்படும் முன்...

இரண்டு வருடத்துக்கு முன் மொத்த கொலஸ்ட்ரால் 230 இருந்தது, இப்போது 115 என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் அந்த வரியில் எச்சரிக்கைக் குறி எதுவும் இருக்காது. 200-க்குக் கீழே இருந்தால் நல்லது என்றுதான் அச்சடித்திருப்பார்கள். "பத்தியம் வேலை செய்யுது" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அதே ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தில், கல்லீரல் தயாரிக்கும் புரதமான அல்புமினும் 2.6-க்கு இறங்கியிருக்கிறது. சிரோசிஸ் என்கிற கல்லீரல் சுருக்கம் உள்ளவருக்கு இந்த இரண்டையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும்.

கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதில் பெரிய பங்கு கல்லீரலுக்கு. அதை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதங்களையும் பெரும்பாலும் அதுதான் செய்கிறது. பட்டறை பழுதானால் சரக்கு குறையத்தானே செய்யும்? கெட்டது என்கிற எல்.டி.எல். மட்டுமல்ல, நல்லது என்கிற ஹெச்.டி.எல்.லும் சேர்ந்து இறங்கும். நோய் முற்ற முற்ற இன்னும் இறங்கும். இது பத்தியத்தின் வெற்றி இல்லை, கல்லீரலின் களைப்பு.

அப்புறம் சாப்பாடு. கொழுப்பைப் பார்த்துப் பயந்து முட்டை, பால், எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதிகம் கெடுதல் செய்வது இதுதான். இந்த நோயில் தசை வேகமாகக் கரையும். எடைக்கு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 90 கிராம். இரவு படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் குறைக்க வேண்டியது உப்பைத்தான். கொழுப்புப் பரிசோதனைக்கு 12 மணி நேரம் பட்டினி கிடக்கத்தான் வேண்டுமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள், பல நேரங்களில் அவசியப்படாது.

கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தானாக நிறுத்துவது இன்னொரு தவறு. கல்லீரல் ஓரளவு சமாளித்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் அதைப் பொதுவாகத் தரலாம். மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், மனக்குழப்பம் என்று நோய் முற்றிய பிறகு அந்த மாத்திரையால் தசை சிதையும் அபாயம் கூடும். அப்போது அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டரின் வேலை. எண் குறைவாக இருக்கிறதே, இதயத்துக்குப் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு ரத்தக் குழாய் அடைப்பு ஏற்கெனவே இருக்கலாம்.

சிலருக்கு எல்லாமே தலைகீழ். பித்தம் வடியாமல் தேங்கும் வகை நோய்களில் கொலஸ்ட்ரால் ஏறும், கண் இமை ஓரத்தில் மஞ்சள் திட்டுகூடத் தெரியும். அங்கே எண்ணெயை நிறுத்திப் பெரிய பயன் இல்லை. பித்தம் ஏன் தேங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.