வெள்ளையைக் கலந்தால் அமைதி வந்துவிடுமா?

2013 டிசம்பரில் மும்பை ஏலத்தில், உருவங்கள் இல்லாமல் அமைதியான நிறப் பரப்புகளைத் தீட்டிய ஓவியர் காய்தொண்டேயின் படம் ஒன்று 23.7 கோடி ரூபாய்க்குப் போனது. அவர் படங்களைப் பார்த்து "இதில் என்ன இருக்கிறது, நாமும் போடலாமே" என்று கிளம்புபவர்கள் முதலில் வாங்குவது ஒரு பெரிய ட்யூப் வெள்ளை. நானும் அப்படித்தான். நீலத்தில் வெள்ளை, பச்சையில் வெள்ளை என்று குழைத்துப் பூசினேன். கான்வாஸ் சுண்ணாம்படித்த ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி ஆனதுதான் மிச்சம்.

வெளிர் நிறம்தான் அமைதி என்று நினைப்பது பெரிய தவறு. நாக்பூரில் 1924-இல் பிறந்து, மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்து, பிற்காலத்தில் தில்லியில் வாழ்ந்த வாசுதேவ் காய்தொண்டே மஞ்சள், காவி, அடர் சிவப்பு எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தியவர். அந்தப் படங்களிலும் இரைச்சல் இல்லை. அவற்றில் பலவும் ஒரே நிறக் குடும்பத்துக்குள் நடமாடுபவை. சிவப்புக்கு அருகில் பச்சையை வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். சிவப்புக்குள்ளேயே இருண்டது, வெளுத்தது, பழுப்பேறியது என்று நகர்ந்தால் கண் எங்கும் இடறாமல் ஊர்ந்துகொண்டே இருக்கும். நிறத்தை இளக்க வேண்டுமா? வெள்ளையை விட்டுவிட்டு, எண்ணெய் சேர்த்து மெலிதாகப் பூசிப் பாருங்கள். அடியில் உள்ள நிறம் ஊடுருவித் தெரியும்.

படத்தில் உள்ள வெற்றுவெளியைப் பற்றியும் இதே குழப்பம்தான். எதையும் வரையாமல் விட்ட இடம் வெறும் துணி, அவ்வளவுதான். அவர் படங்களில் காலியாகத் தெரியும் பகுதிதான் அதிகம் உழைத்த பகுதி. ரோலரால் உருட்டி, வண்ணம் குழைக்கும் பாலட் கத்தியால் வழித்து, கிழித்த காகிதத் துண்டுகளால் வண்ணத்தை ஒற்றி, அடுக்கின் மேல் அடுக்காக எழுப்பியவை. வழித்த இடத்தில் பழைய அடுக்கு மங்கலாக மேலே வரும். ஆழம் கிடைப்பது அங்கேதான்.

இதைச் செய்யும்போது எல்லோரும் அவசரப்படுவார்கள். கீழ் அடுக்கு ஈரமாக இருக்கும்போதே அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். அக்ரிலிக் என்றால் அரைமணி நேரம் பொறுத்தால் போதும். எண்ணெய் வண்ணத்துக்கு நாள் கணக்கு. காய்தொண்டே ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள்தான் முடிப்பாராம். மாதத்துக்கு நான்கு படம் இன்ஸ்டாகிராமில் போட வேண்டும் என்று திட்டம் இருந்தால் இந்த வழி உங்களுக்கு ஒத்துவராது, வேறு பாணி பாருங்கள்.

அப்புறம் அந்தக் குறுக்குக் கோடு. கான்வாஸின் நடுவே கிடையாக ஒரு கோடு விழுந்தால் போதும், பார்ப்பவர் மேலே வானம், கீழே கடல் என்று முடிவு கட்டிவிடுவார். அதற்குப் பிறகு அவரை மீட்க முடியாது. காய்தொண்டே பிற்காலத்தில் நெட்டுவாக்கான கான்வாஸுக்கு மாறியதால் இந்தக் கடல் பிரமை ஓரளவு குறைந்தது என்பது என் எண்ணம். தன் ஓவியத்தை அரூப ஓவியம் (abstract) என்று சொல்வதைக்கூட அவர் ஏற்கவில்லை. எந்தப் பொருளிலிருந்தும் பிழிந்தெடுத்ததல்ல, பொருளே சாராதது என்பார்.

ஜென் பற்றி நான்கு புத்தகம் படித்துவிட்டு அதைப் படத்தில் காட்ட முயல்வதும் வேண்டாம். ஜென்னிலும் ரமணரிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு, சரி. ஆனால் படத்தில் புத்தர் தலையோ தாமரையோ கிடையாது.

கடைசியாக, கையெழுத்து. இரண்டு மாதம் பாடுபட்டு அடக்கிய பரப்பின் வலது மூலையில் கறுப்பில் கொட்டை எழுத்தில் பெயர் போட்டால் கண் நேராக அங்கேதான் போகும். அவருடைய பல படங்களில் கையெழுத்து கான்வாஸின் பின்பக்கம் இருக்கிறது.